என்னால் போன ஐந்து பாயின்ட்

போன வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையை ஒட்டிய மைதானம். கல்லூரியில் படிக்கும் என் மகள் ரக்பி ஆடுகிறாள் என்பதே அதற்கு மூன்று வாரம் முன்புதான் எனக்குத் தெரிந்தது. துவைக்கப் போட்ட சட்டையில் ரத்தக்கறையைப் பார்த்து அதட்டியபோது சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. “ஒரு மேட்ச் பாத்துட்டு அப்புறம் நிறுத்தச் சொல்லும்மா” என்றாள். நிறுத்திவிடும் முடிவோடுதான் போனேன்.

உட்காரவே முடியவில்லை. கோட்டோரமாக நடந்துகொண்டே இருந்தேன். எதிரணிப் பெண் ஒருத்தியின் அம்மா, காசிமேட்டில் மீன் விற்பவர், என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இன்னாக்கா, மொத தபாவா? பேஜாராவாத. பந்த எடுத்துகினு முன்னால ஓடலாம். ஆனா கையால முன்னால தூக்கிப் போடக் கூடாது. பக்கத்துல, பின்னால தான் தரணும். பந்து வச்சினுகீறவளத்தான் புடிச்சு சாய்க்கலாம், அதுவும் தோளுக்குக் கீழ. சாய்ச்சவ உடனே உட்டுடணும். வுயுந்தவளும் பந்த உட்டுடணும். அந்தாண்ட கோட்டத் தாண்டி தரையில அமுக்கினா அஞ்சு பாயின்ட்டு.”

பாதிதான் காதில் விழுந்தது. கண் முழுக்க மகள்மேல் இருந்தது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள். மகளின் அணி மூன்று பாயின்ட் பின்தங்கியிருந்தது. பந்தோடு ஓடிய மகளை ஒருத்தி இடுப்போடு பிடித்துச் சாய்த்தாள். விழுந்தவள் கையை நீட்டியபடி அப்படியே கிடந்தாள். எனக்கு அவ்வளவுதான். செருப்பு ஒருபக்கம் பறக்க, கத்திக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினேன்.

விசில் ஒலித்தது. அப்போதுதான் பார்த்தேன். மகள் விட்ட பந்தை அள்ளிக்கொண்டு ஓடிய அணித் தோழி, கடைசிக் கோட்டுக்கு இரண்டே அடி முன்னால் திகைத்து நின்றாள். வெளியாள் உள்ளே வந்ததால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மறுபடி தொடங்கியும் அவர்களால் அந்த இடம்வரை போக முடியவில்லை. தோற்றார்கள்.

மகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. “ரூல்படி பந்தப் பின்னால வச்சிட்டுப் படுத்திருந்தேம்மா” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கூசிப்போய் மைதான வாசலில் காத்திருந்து அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். வியாசர்பாடிப் பெண். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வுடுங்க ஆன்ட்டி. எங்க வூட்லேர்ந்து ஒர்த்தரும் இதுவரிக்கும் பாக்க வந்ததில்ல. அடுத்த மேட்ச்சுக்கும் வாங்க, எனக்கும் சேத்து கத்துங்க. ஆனா கோட்டுக்கு வெளிய நின்னு!”

சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நிறுத்து என்று மகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு ஒரு மேட்ச்கூட விட்டதில்லை. இப்போதும் அவர்களில் யார் விழுந்தாலும் என் கால் தானாக ஓர் அடி முன்னே போகிறது; அந்த ஓர் அடியோடு நின்றுகொள்ளத்தான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.