கடைசி ஒற்றை

சினிமாக்காரர்களின் சுயசரிதைகளில் எதைப் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் எனக்கு வாய் ஓயாது. விருதுப் பட்டியல் போடுகிறவர்களை விட்டுவிடுங்கள், பசியை எழுதுகிறவர்களைப் படியுங்கள் என்பேன். கொஞ்சம் பொய் கலந்து எழுதுகிறவர்கள் இன்னும் ருசி. ஆனால் என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் புகழ் பெற்றுக் கழுத்தில் மாலை விழத் தொடங்கியதும் புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துவிடுவேன். அதற்கு மேல் நன்றியுரைதானே! அந்தப் பழக்கம் ஒருநாள் என்னை நன்றாக மாட்டிவிட்டது.

அப்போது என் கணவர் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்துத்தான் பாக்கி. மனிதர் மூன்று நாளாகப் பேனையைத் தொடவில்லை. "பாப்பம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். அடுத்த நாள் மாலைக்குள் போடாவிட்டால் அவருடைய முறை வேறொருவருக்குப் போய்விடும். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நாளைக்கு ஒரு புத்தகம் கொண்டாரேன். பழைய காமெடி நடிகர் ஒருத்தர் எழுதுனது. மொத அத்தியாயமே இதே ஆபரேஷன்தாங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

"கூத்தாடியளின்ரை கதை எனக்கேன்?"

"சுயசரிதையில ஒரு நல்லது இருக்கு. எழுதுனவன் பொழைச்சிருப்பான். செத்துப்போனா யாரு எழுதுறது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். மூன்று நாளில் அவர் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

மறுநாள் எங்கள் ஊர் தெல்தெனியவிலிருந்து பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் யாழ்ப்பாணத்தார். பேப்பர் வாங்கினால் முதலில் கடைசிப் பக்கத்து மரண அறிவித்தல், பிறகுதான் மற்றது. எதையும் பின்னாலிருந்து படிக்கிற மனிதர்! மடியில் இருந்த புத்தகத்தின் கடைசித் தாளைப் புரட்டினேன். பதிப்பாளரின் குறிப்பு. "இந்த மறுபதிப்பைக் காண நூலாசிரியர் இன்று நம்மிடையே இல்லை" என்று தொடங்கியது. அதற்கு மேல் கண் ஓடவில்லை. கொண்டை ஊசியால் அழுத்தி மடித்து, அந்தத் தாளை மெதுவாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கினார், திறக்கவில்லை. அதன் முதுகை ஒருமுறை தடவினார். தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவர். யாரோ பிரித்து ஒட்டிய கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார். அது எனக்கு ஏன் மறந்தது?

"இஞ்சேரும், இதிலை ஒரு ஒற்றை குறையுது." தாளை அவர் ஒற்றை என்றுதான் சொல்வார்.

"பழைய புத்தகம்தானே, விழுந்திருக்கும்."

"விழேல்லை. இண்டைக்குக் கிழிச்சது. தாரும்."

கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் பத்திரத்தோடு வந்து நின்றாள். "மஹத்தயா, அத்சன?" என்று சிங்களத்தில் கையெழுத்துக் கேட்டாள். அவர் நிமிரவில்லை. மரண அறிவித்தலை வாசிப்பது போலவே, ஒரு சொல் விடாமல் வாசித்தார். இனி இந்த மனிதர் கையெழுத்துப் போடமாட்டார், என் கையாலேயே நான் கெடுத்துவிட்டேன் என்று மனதுக்குள் அழுதேன்.

"உமக்கு எதையும் முழுசா வாசிக்கிற பழக்கம் இல்லை" என்றார். "இந்த மனுசன் ஒப்பரேசன் செய்து பதினொரு வருசம் இருந்திருக்கிறார். பிறகு பாத்ரூமிலை வழுக்கி விழுந்துதான் செத்திருக்கிறார்."

நான் தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆறாவது வரியில் இருந்தது.

"பதினொரு வருசம்" என்றார் மறுபடியும். பிறகு நர்ஸிடம் கையை நீட்டிப் பேனையை வாங்கினார்.

மூன்று வருடமாகிவிட்டது. இப்போது யாருக்குப் புத்தகம் சொன்னாலும் கடைசித் தாள் வரை படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த ஒற்றையை அவரே பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அவர் குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

"என்னாங்க, பூட்டாதீங்க. தரை ஈரமா இருக்கு."

உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். "பயப்பிடாதையும். இன்னும் எட்டு வருசம் கிடக்கு."

எனக்குச் சிரிப்பு வருவதில்லை. எட்டு எனக்குப் போதாது.