சிவப்புத் தாளும் கறுப்புக் குடையும்

போன மாதம் ஒரு நல்ல காரியம் செய்தேன். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகின.

பிரிக்பீல்ட்ஸில் என் போட்டோஸ்டேட் கடை இருப்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு காப்பி மெஷின், ஒரு டைப்ரைட்டர், ஒரு லேமினேட் மெஷின்... அவ்வளவுதான் கடை. பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம் – நம் ஆட்களுக்கு எதைக் கண்டாலும் பிளாஸ்டிக்கில் போட்டு மூடிவிட வேண்டும். ஜாதகத்தை லேமினேட் பண்ணிக் கொண்டுபோனவர்கள்கூட உண்டு!

அந்தக் கடைக்குத்தான் சிவஞானம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு தாள். மங்குஸ்தீன் தோல் நிறத்தில் அடர் சிவப்பு. அதன்மேல் கறுப்பு மையில் எறும்பு எறும்பாக எண்கள்.

"தம்பி, இதுக்கு ஒரு காப்பி வேணும். கொஞ்சம் பெரிசா எடுத்துத் தாரும்."

எடுத்தேன். கரிக்கட்டை மாதிரி முழுக்கறுப்பாக வந்தது. மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தேன். அதுவும் கறுப்பு. மூன்றாவது தாளும் கறுப்பு.

"மெசின் பழுதோ?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு ஐயா. தாள்தான்..."

அவரே விளக்கினார். லண்டனில் இருக்கும் மகள் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் அனுப்பியிருக்கிறாள். ரயில் ஆட்டம். தண்டவாளம் போடலாம், பாலம் கட்டலாம், ஊருக்கு ஊர் ரயில் விடலாம். ஆனால் டிஸ்கெட்டைப் போட்டதும் ஆட்டம் தொடங்கிவிடாது. முதலில் ஒரு கேள்வி வரும். 'பதினாலாவது வரிசை, ஒன்பதாவது கட்டம். என்ன எண்?' பெட்டிக்குள் இருக்கும் இந்தச் சிவப்புத் தாளைப் பார்த்துச் சரியான எண்ணைத் தட்டினால்தான் கதவு திறக்கும். மூன்று தடவை தப்பாகத் தட்டினால் ஆட்டம் மூடிக்கொள்ளும்.

ஏன் சிவப்பு? யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்பதற்காக. டிஸ்கெட்டைக் காப்பி அடிக்கிறவனால் இந்தத் தாளை அடிக்க முடியாது. தாள் இல்லாமல் ஆட்டம் இல்லை.

கெட்டிக்காரர்கள்தான்!

ஐயாவுக்குக் கண்ணில் புரை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஜன்னல் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். பார்வை இன்னும் மங்கினால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் பெரிய காப்பி கேட்டு வந்தார்.

காப்பி எடுக்க முடியவில்லை. வந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் இல்லை. அப்போதுதான் அந்த நல்ல காரியத்தைச் செய்தேன்.

"லேமினேட் பண்ணித் தரேன்லா ஐயா. கிழியாது, நனையாது. காசு வேணாம்."

மெஷினுக்குள் போனது. பளபளவென்று வெளியே வந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்து ஐயா திரும்பி வந்தார். தாளை மேசைமேல் வைத்தார்.

"தம்பி, ஒண்டும் தெரியுதில்லை."

பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. சூட்டில் தாள் இன்னும் கறுத்துவிட்டது. மேலே பிளாஸ்டிக் கண்ணாடியாக மின்னுகிறது. அவர் என்ன, இப்போது என்னாலேயே படிக்க முடியாது.

"ஐயா... நான்..."

"பரவாயில்லை. நீர் வேணுமெண்டே செய்தனீர்?"

திட்டியிருந்தால் தேவலை. திட்டுக்குப் பதில் சொல்லாமல் குனிந்துகொள்ள எனக்கு நன்றாக வரும். பரவாயில்லை என்பவரிடம் என்ன செய்வது? பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார் பாருங்கள்...

"மகளுக்குத்தான் என்ன எழுதுறதெண்டு தெரியேல்லை."

அவருடைய மனைவி இறந்து இரண்டு வருடம். அப்பாவும் மகளும் எழுதிக்கொண்ட கடிதங்களில் 'சுகம், சுகமோ' என்பதற்கு மேல் மூன்றாவது வரி இருந்ததில்லை. இந்த ஆட்டம் வந்த பிறகு ஏரோகிராம் தாளில் இடம் போதவில்லையாம். அவளும் லண்டனில் அதே ஆட்டம் ஆடுகிறாள். 'அப்பா, நீங்கள் ஏன் மலையைச் சுற்றிப் போகிறீர்கள், குடைந்து போங்கள்' என்று அவள் எழுதுவாள். 'குடைஞ்சால் செலவு, பிள்ளை' என்று இவர் எழுதுவார். அது இப்போது நின்றுவிட்டது. நிறுத்தியது என் லேமினேட் மெஷின்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான் ரவி. என் கடைக்கு முன்னால் ஐந்தடிப் பாதையில் மேசை போட்டு டிஸ்கெட் விற்கிறவன். முப்பது வயது. எல்லாம் காப்பி. கையால் எழுதிய ஒரு பட்டியலைத் தொங்கவிட்டிருப்பான்.

"அங்கிள், இதுக்கா இவ்வளவு கவலை? அதே ரயில் என்கிட்ட இருக்கு. அஞ்சு வெள்ளி. கேள்வி, தாள் ஒண்ணும் கிடையாது. அந்தக் கதவையே எவனோ கழட்டிட்டான்."

"வேண்டாம்."

"ஏன் அங்கிள்? உங்க மகதான் காசு குடுத்து வாங்கியிருக்காங்களே!"

"அவள் வாங்கினது அதை இல்லை."

ரவி என் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. ஒரிஜினல் வெச்சிருக்கிறவரு வெளிய நிக்கிறாரு. என்கிட்ட வாங்கினவன் உள்ள உக்காந்து ரயில் விடுறான். அப்ப அந்தப் பூட்டு யாருக்குப் போட்டது?"

பதில் உங்களுக்குத் தெரியுமா?

ஆட்டம் செய்தவன்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. போன வருடம் ஒருவர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து பத்துக் காப்பி கேட்டார். இந்தப் பக்கத்தில் நான் எழுதியவற்றைச் சேர்த்துப் போட்ட புத்தகம்! எழுதினவன் நான்தான் என்று சொல்லக் கூச்சம். பத்துக் காப்பி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே பூட்டுப் போடுகிறவனின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியும். ஆனால் சாவியோடு வந்தவரையுமா வெளியே நிறுத்துவது?

ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். "முந்தி கிள்ளான் லைன்ல ஒருநாள் நல்ல மழை. ஒரு மனுசி டிக்கெட்டை நனைச்சுப்போட்டா. நம்பர் எல்லாம் அழிஞ்சு கூழாப் போச்சு. அவ அழுகிறா. நான் என்ர புத்தகத்தில ஒரு துண்டு கிழிச்சு, கையால எழுதிக் குடுத்து அனுப்பினன். அவ காசு குடுத்து ஏறினவ. எனக்கு அது போதும்."

"எல்லா செக்கரும் உங்கள மாதிரியா அங்கிள்? என்னை ஒருத்தன் பாதி வழியில இறக்கி விட்டான்."

"நீர் டிக்கெட் எடுத்தனீரோ?"

ரவி சிரித்துக்கொண்டே மேசைக்குப் போய்விட்டான்.

கையால எழுதிக் குடுத்து... அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவன். இங்கிலீஷ் ஒட்டாது. ஆனால் எண்ணுக்கு என்ன இங்கிலீஷ், என்ன தமிழ்?

"ஐயா, தாளை விட்டுட்டுப் போங்க. நான் எழுதித் தரேன்."

வாய் முந்திவிட்டது. எண்ணிப் பார்த்தேன். நாற்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம். நானூற்று எண்பது கட்டம், கட்டத்துக்கு நாலு எண். அடியில் ஏதோ பொடி எழுத்து. ரவிதான் எப்படியோ சாய்த்துப் பிடித்துப் படித்துச் சொன்னான்: காப்பி எடுத்தால் குற்றமாம்.

இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ஐயாவின் தாளைக் கெடுத்தவன் நான். அதைத் திரும்பக் கொடுக்காமல் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் பின்சந்தில் உட்கார்ந்தோம், நானும் என் மனைவி லெட்சுமியும். கடைக்குள் விளக்கில் வைத்தால் விளக்கு தெரிந்தது. வெளியே கொண்டுவந்தால் வானம் தெரிந்தது. எப்படித் திருப்பினாலும் எண்ணைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது! கடைசியில் லெட்சுமிதான் கறுப்புக் குடையை விரித்துத் தலைக்குமேல் பிடித்தாள். மேலிருந்து வரும் பளபளப்பு அடங்கியது. பக்கத்திலிருந்து சாய்வாக வெயில் விழுந்தது. எண்கள் மெல்ல மேலே வந்தன.

அவள் படித்தாள். நான் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு எண்ணையும் புளியங்கொட்டை அளவுக்கு எழுதினேன்.

"கடையில காப்பி மெஷின வெச்சுக்கிட்டு கையால காப்பி எடுக்கிற ஒரே மனுஷன் நீங்கதான்," என்றாள்.

"பேசாம படி. அடுத்தது?"

"ரெண்டு, ஏழு, ஏழு, மூணு. கூச்ச சுபாவம்னு சொல்லித்தான் எங்கப்பா கட்டி வெச்சாரு. இப்படிப் பிடிவாதம்னு யாரும் சொல்லல."

"ரெண்டு, ஏழு, ஏழு, மூணு."

முதல் ஞாயிறு பாதி. அடுத்த ஞாயிறு மீதி. அவளுக்குக் கை வலித்தால் நான் குடை பிடித்தேன், அவள் எழுதினாள். சந்தில் போன சீனக் கிழவர் ஒருவர் வெயிலில் குடைக்குள் உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். பதினோரு கட்டங்களில் பிளாஸ்டிக்குக்கு அடியில் காற்றுக் குமிழி. எந்த வெயிலிலும் தெரியவில்லை. ஊகித்து எழுத மனம் வரவில்லை. காலியாக விட்டேன்.

நோட்டை ஐயா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமிழி விஷயத்தையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஐயா, பதினோரு இடம் இல்லை. அதைக் கேட்டுச்சுன்னா..."

"கேட்டால் மூடிப்போட்டுத் திரும்பத் தொடங்குறன். வேற இடம் கேக்கும்." சிரித்தார். "ரயில்வேக்காரன் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க மாட்டனோ?"

கம்ப்யூட்டரைப் போட்டார். கேள்வி வந்தது. விரலால் வரிசை பிடித்தார், கட்டம் பிடித்தார். பூதக்கண்ணாடி மேசையிலேயே கிடந்தது. நாலு எண்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

லெட்சுமி ஒன்றை ஏழு என்று படித்திருந்தால்? நான் வரி மாற்றி எழுதியிருந்தால்?

கதவு திறந்தது. திரையில் ஒரு குட்டி ரயில் புகைவிட்டுக்கொண்டு கிளம்பியது.

ஐயா ரயில் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சிவப்புத் தாளை எடுத்து நோட்டின் பின் அட்டையில் பசை போட்டு ஒட்டினார்.

"ஏன் ஐயா? அதான் படிக்க முடியாதே!"

"செக்கர் வந்தால் டிக்கெட்டைக் காட்டோணும், தம்பி."

மேசையில் ஒரு ஏரோகிராம் விரிந்து கிடந்தது. 'பிள்ளை' என்று தொடங்கியிருந்தார். நான் அதற்கு மேல் படிக்கவில்லை. கிளம்பிவிட்டேன்.

நேற்று ரவி கடைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"அண்ணே, அந்தக் கோடியில புதுசா ஒருத்தன் மேசை போட்டிருக்கான். என் பட்டியலை அப்படியே காப்பி அடிச்சுத் தொங்க விட்டிருக்கான். என் சரக்கையே வாங்கி, அதையே காப்பி எடுத்து விக்கிறான். மனசாட்சி வேணாம்?"

"வேணும்தான்."

என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணே... அங்கிள் கொண்டாந்தாரே, அந்த மாதிரி சிவப்புத் தாள் எங்க கிடைக்கும்?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். லேமினேட் இலவசம் என்றும் சொன்னேன்.