செயின் இருக்கிற பக்கம்

எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் இரண்டு காரியங்களுக்குச் செலவானது. ஒன்று அடுப்பு. இன்னொன்று சித்தப்பாவின் வேட்டி. அப்பாவின் தம்பியான அவரிடம் சைக்கிள் செயினின் கறை படாத வேட்டி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அம்மா ஞாயிறுதோறும் கறையில் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு அலசி, கொடியில் காயப்போடுவாள். திங்கட்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் அதே கறையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

சித்தப்பா இடதுகைக்காரர். பள்ளிக்கூடத்தில் விரல் முட்டியில் அடித்து அடித்து, எழுதுவதையும் சாப்பிடுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற எதையும் யாராலும் மாற்ற முடியவில்லை. ஊரே இடது பக்கம் நின்று சைக்கிளில் ஏறும்போது அவர் மட்டும் வலது பக்கம் நின்று ஏறுவார். செயின் இருப்பதும் அந்தப் பக்கம்தான். வேட்டி நேராகப் போய் அதன்மேல் விழும். செயினுக்குக் கவர் போட்டால் என்ன என்று கேட்கலாம். கரிசல் மண் உள்ளே புகுந்து அடைத்துக்கொள்ளும் என்று, எங்கள் ஊரில் முதல் மழைக்கே கவரைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோவில்பட்டிக்கு ஏழெட்டு மைல் தள்ளி எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது. வாயை மூடத் தெரியாத வயது என்று அம்மா சொல்வாள். செயினை ஏன் வலது பக்கம் வைத்தார்கள் என்ற கேள்வி எப்படியோ எனக்குள் புகுந்துவிட்டது. இடது பக்கம் வைத்திருந்தால் சித்தப்பாவின் வேட்டியும் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையும் தப்பித்திருக்குமே!

அப்பாவிடம் கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அங்கனதான் வச்சிருக்கான். ஏட்டி, அங்கிட்டுப் போ" என்றார். சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் மட்டும் என்னை மதித்து, பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்சக்கரத்தைக் கையில் எடுத்து உள்ளே திருகுச் சுற்றாக வெட்டியிருந்த மரையைக் காட்டினார்.

"இந்தா பாரு, வலது மரை. மிதிக்க மிதிக்க இறுகும். இதையே அந்தப் பக்கம் மாட்டுனா மிதிக்க மிதிக்கக் கழண்டுட்டுப் போயிரும்."

"அப்ப மரையத் திருப்பி வெட்டுனா என்ன அண்ணாச்சி?"

அவர் காற்றடிக்கும் பம்பைக் கையில் கொடுத்து வேறு வேலை பார்க்கச் சொன்னார். கடைசியில் சித்தப்பாவிடமே கேட்டேன். "அதச் செஞ்சவன் சோத்துக்கைக்காரன்ட்டி. வேற என்ன?" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அது பதிலாகவே தோன்றவில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இரண்டாவது இடத்தில் வெற்றிலைத் தட்டை இடது கையால் வாங்கிவிட்டார். பீச்சாங்கைக்காரனுக்குப் பெண் கொடுப்பதற்கில்லை என்று மறுநாளே ஆள் வந்து சொல்லிவிட்டது. அன்றிலிருந்து சித்தப்பா கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து காட்டு வேலைக்குப் போய்விடுவார். அம்மா கெஞ்சிக் கூத்தாடித்தான் மூன்றாவது இடத்துக்கு அவரைச் சம்மதிக்க வைத்தாள். "இதோட சரி மதினி. இதுவும் தட்டுச்சுன்னா இனிமே என்னைக் கூப்பிடக் கூடாது" என்று சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. அப்பா, அம்மா, சித்தப்பா என்று எண்ணினால் மூன்று வந்தது. அதனால் நான்காவதாக என்னைச் சேர்த்தார்கள். சேர்த்ததோடு நிற்காமல் அம்மா ஒரு வேலையும் கொடுத்தாள்.

"ஏட்டி, அங்கன உக்காந்ததும் சித்தப்பாவோட இடது கையப் புடிச்சுக்கோ. எந்திரிச்சு வார வரைக்கும் விடக் கூடாது. என்ன?"

இத்தனை பெரிய பொறுப்பை அதுவரை யாரும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

ஐப்பசி மாதம். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. பஸ் போகாத ஊர் என்பதால் காட்டுப்பாதை வழியாக இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். அப்பாவின் கேரியரில் அம்மா, சித்தப்பாவின் பாரில் நான். இரண்டு மைல் செம்மண் சரளையில் சொகுசாகப் போனோம். கரிசல் தொடங்கியதும் சைக்கிள்கள் முரண்டு பிடித்தன. அப்பா கேரியரில் செருகியிருந்த குச்சியை உருவி மட்கார்டுக்குள் அப்பிய மண்ணைத் தோண்டினார். பத்தடி உருண்டது. மறுபடி தோண்டினார். ஐந்தடி உருண்டது. அதற்குமேல் எங்கள் பக்கத்தில் யாரும் குச்சியை நம்ப மாட்டார்கள். வெயில் காலத்தில் நாம் சைக்கிள்மேல் ஏறுவோம், மழைக்காலத்தில் சைக்கிள் நம்மேல் ஏறும்.

அப்பா தன் சைக்கிளை வலது தோளில் தூக்கிக்கொண்டார். செயின் வெளிப்பக்கமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா தன்னுடையதை இடது தோளில் தூக்கினார். செயின் உள்பக்கமாக அவருடைய புது வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா பழப் பையோடு நின்று அலறினாள். "தம்பி, தோள மாத்துங்க! வேட்டியப் பாருங்க!"

சித்தப்பா மாற்றிப் பார்த்தார். நாலு எட்டு வைப்பதற்குள் சைக்கிள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் சாய, என்மேல் விழப்பார்த்தார். "முடியல மதினி" என்று பழைய தோளுக்கே போய்விட்டார். ஆளுக்கு அரைப்படி மண் காலில் ஒட்டியிருக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். எனக்கு ஒரே கும்மாளம்.

ஊர் எல்லையில் கால் கழுவும்போதுதான் அம்மா பார்த்தாள். சித்தப்பாவின் இடது இடுப்பில், சட்டையிலும் வேட்டியிலுமாக, பல்சக்கரம் பல் பல்லாகப் பாதி வட்டத்துக்கு அச்சாகியிருந்தது. அம்மா ஈரத் துணியால் துடைத்ததில் பாதி வட்டம் முக்கால் வட்டமானது. "ஒரு நாள் முன்னாடி வந்திருக்கணும்" என்றார் அப்பா, உபயோகமாக. சித்தப்பாவின் முகம் சின்னதாகிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கும் கும்மாளம் போய்விட்டது.

"நீ சித்தப்பாவுக்கு இடது பக்கமாவே ஒட்டி உக்காரு" என்று எனக்கு இரண்டாவது வேலையும் வந்தது. கையைப் பிடிக்க வேண்டும், கறையையும் மறைக்க வேண்டும். என் உடம்பு அதற்குப் போதாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. பெண் பக்கத்து ஊர் பால்வாடியில் டீச்சர், அதில்தான் தினமும் போய் வருகிறாள் என்று அவளுடைய அப்பா சொன்னார். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்ததும் நான் சித்தப்பாவின் இடது கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கேசரி வந்தது. ஆசையாக இருந்தது. கையை விடவில்லை.

பெண் காப்பித் தட்டோடு வந்தாள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியபோது, என் தோளுக்குப் பின்னால் எட்டிப்பார்த்த பல்சக்கரத்தின்மேல் அவள் கண் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. அம்மா என்னை இன்னும் ஒட்டி உட்காரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா, எல்லா வீட்டிலும் சொல்வது போல, "பொண்ணுட்ட எதுவும் கேக்கணும்னா கேளுங்க" என்றார்.

அதற்கு யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டுகிறவள், அதுவும் டீச்சர். விடுவேனா?

"சைக்கிள்ல செயின் ஏன் வலது பக்கம் இருக்கு?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பாவுக்குக் காப்பி புரை ஏறியது. பெண் மட்டும் சிரிக்காமல், நான் கேட்டது கேட்கத் தகுந்த கேள்விதான் என்பது போல, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நாம எல்லாரும் இடது பக்கம் நின்னுதான ஏறுதோம், உருட்டுதோம்? தூக்குனாலும் வலது தோள்ல தூக்குதோம். செயின் அந்தப் பக்கம் இருந்தாத்தான் துணியில கறை படாது, பாப்பா."

நான் தலையாட்டினேன். அவள் நிறுத்திக்கொள்ளாமல், இன்னும் என்னையே பார்த்து, குரலை மட்டும் கொஞ்சம் இறக்கினாள்.

"அந்தப் பக்கம் நின்னு ஏறுதவியளுக்குத்தான் சங்கடம். அவியளுக்குத் தோதா ஒருத்தரும் சைக்கிள் செய்யல. அதுக்கு அவிய என்ன செய்வாவ?"

சொல்லிவிட்டு, கடைசித் தம்ளரைச் சித்தப்பாவின் வலது பக்கம் நீட்டாமல், சுற்றி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இடது பக்கமாக நீட்டினாள்.

சித்தப்பாவின் கை என் கைக்குள் அசைந்தது. நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. என் வேலை அதுதானே! பெஞ்சுக்கு மேலேயே ஒரு சின்ன மல்லுக்கட்டு நடந்தது. கடைசியில் அவர் வெடுக்கென்று உருவிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் இடது கையால் தம்ளரை வாங்கினார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய கண் நிறைந்திருந்தது. போச்சு, எல்லாம் என்னால்தான் என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா மகளையும் தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறிரப் போவுது. குடிங்க மாப்பிள்ளை."

திரும்பும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன். கையை விட்டுவிட்டேன், சித்தப்பாவுக்கு இனி கல்யாணமே நடக்காது என்று அழுதேன். அவரோ சைக்கிளை அதே இடது தோளில் போட்டுக்கொண்டு, வேட்டியில் இன்னொரு வட்டம் பதிவதைப் பற்றிக் கவலையே இல்லாமல், சீட்டியடித்தபடி சேற்றில் நடந்தார். பெரியவர்களுக்கு வெட்கமே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சித்தி வந்த முதல் வாரமே சித்தப்பாவுக்கு ஒரு கறுப்புக் கைலி வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அதைச் சாரம் என்போம். சைக்கிளில் போகும்போது சாரம், போன இடத்தில் வேட்டி. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு விடுதலையாயின. இத்தனை வருஷமாக நாங்கள் அவருடைய பக்கத்தை மாற்றப் பார்த்தோமே தவிர, துணியை மாற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஊரிலேயே என் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னது சித்திதான் என்று பல வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அவரிடமே அதைச் சொன்னேன். பெரியவர்கள் நடுவில் ஒரு சின்னப் பிள்ளையை மதித்து அத்தனை விளக்கமாகச் சொன்னீர்களே சித்தி, அதை நான் மறக்கவே மாட்டேன் என்றேன். சித்தி கரும்பை வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். முற்றத்தில் வலது பக்கம் நின்று சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்த சித்தப்பாவையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இந்த வயசிலும், முகம் சிவக்கச் சிரித்தார்.

"ஏட்டி கூறு கெட்டவளே, நான் ஒனக்கா சொன்னேன்?"