நீக்கிய நூறு கேள்விகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தராசக்கா. கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடும் வேலையில் பத்தொன்பது வருஷம் இருந்தவள். அவள் தலை தெரிந்தாலே வியாபாரிகள் கள்ளக் கற்களை ஒளித்து வைப்பார்கள். பத்து கிராம் குறைந்த கல்லை, "இந்த ஒரு தடவை விட்டுடுங்கம்மா" என்று யார் கெஞ்சினாலும் விட்டதில்லை. இப்படி ஒரு ஆளை மேலே இருப்பவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? மரியாதையாகத் தூக்கி வேறு பிரிவில் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவை எவ்வளவு நம்பலாம் என்று அளந்து சொல்லும் புதுப் பிரிவு.

அதையும் அவள் மனசு வைத்துத்தான் செய்தாள். மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குப் பதில் சொல்லப்போகும் இயந்திரத்தைச் சோதிக்க ஆயிரம் கேள்விகள் தயாரித்தாள். அதில் நூறு கேள்விகளுக்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான்: 'எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்கள்.' தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத மனுஷனையே நம்ப முடியாது, இயந்திரத்தை எப்படி நம்புவது என்பது அவள் கட்சி.

இயந்திரம் அந்த நூறில் எண்பத்தொன்பதுக்கு வாய் கூசாமல் அளந்துவிட்டது. மற்றக் கேள்விகளில் கெட்டிதான். இருந்தும் மொத்தத்தில் எண்பத்தேழு சதவீதம். தேறுவதற்குத் தொண்ணூறு வேண்டும்.

இயக்குநர் கூப்பிட்டார். "ஏம்மா, தெரியாதுன்னு சொல்ற மெஷினை எவன் வாங்குவான்? அந்த நூறையும் எடுத்துடுங்க."

"அந்த நூறுதான் சார் அளவே."

"அளவை அப்புறம் திருத்திக்கலாம். உங்களுக்குத் துணை இயக்குநர் பிரமோஷன் ஆர்டர் என் மேஜையிலதான் இருக்கு, தெரியும்ல?"

பத்து கிராமை விடாதவள் நூறு கேள்விகளை விட்டாள். மிச்சத்தைக் கூட்டினால் தொண்ணூற்றைந்து. முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டாள். தனி அறை கிடைத்தது, சுழல் நாற்காலி கிடைத்தது. ஒரு வாரம் அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காரக் கூசியது. பிறகு பழகிவிட்டது.

தன் படிப்பை நிறுத்திவிட்டு லாரி ஓட்டி அவளைப் படிக்க வைத்தவர் அண்ணன். அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. மூட்டுவலி மாத்திரை போடலாமா என்று மருத்துவமனை வாசலில் அதே இயந்திரத்தைக் கேட்டிருக்கிறார். தாராளமாகப் போடலாம் என்றதாம். அவர் சிறுநீரகம் என்ன நிலையில் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் வீங்கிப் படுத்தார். இனி ஆயுசுக்கும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

"மெஷின்ல உங்க ஆபீஸ் முத்திரை இருந்துச்சு. 'என் தங்கச்சி பாத்து விட்ட மெஷின், அதுக்கு மேல யாரைக் கேக்கணும்'னாரு உங்கண்ணன்," என்றாள் அண்ணி. அழுது அழுது குரலே போயிருந்தது.

"நீ சும்மா இரு, அவ என்ன பண்ணுவா?" என்று மனைவியை அடக்கிய அண்ணன், குழாய் செருகிய கையை நகர்த்தித் தங்கையின் கையைப் பிடித்தார். "ஏம்மா, அது இப்படி அடிச்சு விடும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

அண்ணன் அதையும் நம்பினார்.