இரண்டாவது பொத்தான்

"நல்ல சட்டை இதுதானே?"

கேட்டுக்கொண்டே பெரியம்மா, மேலிருந்து இரண்டாவது பொத்தானை வெட்டித் தகர டப்பாவுக்குள் போடுகிறார். எதிரே நிற்கிற பெயிண்டர் அன்று காலைதான் ஜாமீனில் வெளியே வந்தவர். திறந்துகொண்ட நெஞ்சைக் கையால் மூடிக்கொள்கிறார். எல்லோரும் அப்படித்தான் மூடிக்கொள்வார்கள்.

"வாய்தா அன்னிக்குக் காலைல வா, தெச்சுத் தரேன். கோர்ட்டு முடிஞ்சதும் திரும்ப வெட்டிடுவேன். கேஸ் முடியற வரைக்கும் இது என்கிட்டதான்."

நீதிமன்றத்துக்கு எதிரே வக்கீல்களுக்குக் கவுன் தைக்கும் கடை பெரியம்மாவுடையது. ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர்களுக்குத் தன் வீட்டுப் பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடுவார். வாய்தாவுக்கு அந்த ஆள் வராவிட்டால் வீடு ஜப்திக்குப் போகலாம். "தைக்கிறது வயித்துக்கு, கையெழுத்து போடறது கொழுப்புக்கு" என்பார் பெரியப்பா.

கேட்டவருக்கெல்லாம் போட்டுவிட மாட்டார். உள்ளே இருப்பவனின் அம்மாவையோ மனைவியையோ உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேட்பார்: "வீட்டுல கோவிச்சுக்கிட்டா எங்க போய் உக்காருவான்?" சட்டென்று பதில் வந்தால் கையெழுத்து. யோசித்தால், தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தக் கடைக்குத்தான் போவேன். துணி வெட்டும் மேசைக்கு அடியில், கறுப்புத் துண்டுத் துணிகளின் மேல், மெஷின் எண்ணெய் வாசத்தில் வீட்டுப்பாடம். முடித்தால் பொத்தான் டப்பா கைக்கு வரும். நீலப் பொத்தான் கண்டக்டருடையது. ஓரம் உடைந்தது பூக்காரருடையது. வழக்கு முடிந்தவருக்கு இரட்டை நூல் போட்டுத் தைத்து, பல்லால் நூலைக் கடித்து, "இனிமே உன்னோடது" என்பார். அன்று டப்பாவில் ஒன்று குறைந்திருக்கும். எனக்கு வருத்தமாக இருக்கும்.

பிறகு நான் செருப்புத் தேய்வதற்குள் ஊர் மாற்றுகிறவளாகிவிட்டேன். எந்த ஊரின் வாடகை அறையிலும் தகரத்தில் ஏதாவது விழுந்து உருண்டால், மேசைக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு கணம் தோன்றும்.

இரண்டு வாரம் முன்பு பொத்தானைக் கொடுத்துவிட்டுப் போன பெயிண்டரின் முதல் வாய்தா நேற்று. வேறொரு நாட்டில் வேலை கிடைத்திருப்பதைச் சொல்லத்தான் காலையிலேயே கடைக்குப் போனேன். மெஷின் ஓடவில்லை. பெரியம்மா பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடத் தொடங்கியும் பெயிண்டர் வரவில்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். "ம்" என்றார்.

"வீடு ஜப்திக்குப் போறதுக்குள்ள நிலைக்கதவையாவது கழட்டி வெச்சுக்கலாமா?" என்றார் பெரியப்பா. ரோட்டைத் தாண்டிப் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாகச் செருப்பை மாட்டினார்.

"போகாதீங்க. எட்டிப் பார்த்தா நம்பலன்னு ஆயிடும்."

பெரியப்பா ஒரு செருப்போடு நின்றார். ஊசியில் நூல் கோத்து, உருவி, மறுபடியும் கோத்தார் பெரியம்மா. உச்சி வெயில் கடைக்குள் வந்தபோதுதான் பெயிண்டர் வந்தார், நீதிமன்ற வாசலிலிருந்து. சட்டையில் எல்லாப் பொத்தான்களும் இருந்தன. இரண்டாவது மட்டும் சிவப்பு.

"முடிஞ்சிருச்சுக்கா. அடுத்த வாய்தா போட்டுட்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு வீட்டுலயே ஒண்ணு தெச்சுக் குடுத்துட்டாங்க. பின்வாசல் வழியா நேரா உள்ள போயிட்டேன்."

பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சிரமம் வேணாம்னு நெனச்சிருந்தா நான் அத வெட்டியே இருக்க மாட்டேனே, தம்பி." பெரியம்மாவின் குரல் உயரவில்லை. சிவப்புப் பொத்தானையும் வெட்டி டப்பாவில் போட்டார். பெயிண்டர் நெஞ்சை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

"நீ எப்பக் கெளம்பற?"

அடுத்த மாதம் என்றேன். எப்போது திரும்புவாய் என்று அவர் கேட்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே என் சட்டைக் கையைப் பிடித்து, மணிக்கட்டுப் பொத்தானை விரலால் நெருடினார்.

"நல்ல சட்டை இதுதானே?"

நான் கையை நீட்டினேன்.