நிமியா அம்மாளின் இரண்டு குரல்கள்

காஸப்பா ஊரின் திருமணப் பதிவு அலுவலகத்தில், நிமியா ஒவெலாருக்கு அடுத்த மேஜையில் பதினாறு வருஷம் தட்டச்சு செய்தவள் நான். அந்த அம்மாளுக்கு இரண்டு குரல். குளிர்ந்த தெரெரே மூலிகைச் சாற்றை உறிஞ்சியபடி ஊர்வம்பு பேசுவது எங்கள் மண்ணின் மொழியான குவாரனியில். முத்திரைக் கட்டையைத் தொட்டுவிட்டால் ஸ்பானிஷ், அதுவும் நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கிய ஆளுநர் தோரணையில்.

பள்ளியில் குவாரனி பேசியதற்காக மக்காச்சோள மணிமேல் முட்டி போட்டவள். அதனாலோ என்னவோ, அரசாங்கக் காகிதத்துக்கு ஸ்பானிஷ்தான் புரியும் என்று நம்பினாள். இரண்டுமே ஆட்சிமொழி என்று அரசியல் சட்டம் வந்தபோதுகூட, "வந்தா வரட்டும், என் மேஜைக்கு இன்னும் வரல" என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை டெமெத்ரியோ என்ற கரும்பு விவசாயி, செர்வியானாவைக் கைப்பிடிக்க வந்தான். நிமியா சட்டப்பிரிவுகளை முழங்கிவிட்டு, சம்மதமா என்று ஸ்பானிஷில் கேட்டாள். மூன்று முறை, ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சத்தமாகக் கேட்டாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். மணப்பெண் பூச்செண்டை நாற்காலியில் வைத்துவிட்டாள்.

நிமியாவுக்குப் பொறுமை போய்விட்டது. தன்னையறியாமல் குவாரனியில் பொரிந்தாள்: "மரக்கட்டை மாதிரி நிக்காதடா. இவளக் கட்டிக்கிறியா, இல்ல வீட்டுக்கு அனுப்பிடவா?"

"கட்டிக்கிறேம்மா. இதத்தான் கேட்டீங்களா? நிலத்த எழுதி வாங்குறீங்கன்னுல்ல பயந்துட்டேன்."

கூடம் சிரித்தது. திட்டியதெல்லாம் கணக்கில் சேராது, முறைப்படி மறுபடி கேட்கணும் என்றாள் நிமியா. அப்போது செர்வியானா மெதுவாகச் சொன்னாள்: "எங்கிட்டயும் அப்படியே கேளுங்கம்மா. எதுக்குச் சரின்னு சொல்றேன்னு தெரியணும்ல."

நிமியா என்னைப் பார்த்தாள். சட்டத்தில் இடமிருக்கிறது என்றேன். 'பரஸ்பர விசுவாசமும் உதவியும்' என்ற இடத்தில் குவாரனியில் வார்த்தை அகப்படாமல் தடுமாறினாள். கடைசியில் இருவரிடமும், அடுத்தவர் வேலியைத் தாண்டாமல் இருப்பீர்களா, ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர் சூப் வைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். டெமெத்ரியோ தனக்கு சூப் வைக்கத் தெரியும் என்று வாக்குமூலமே கொடுத்தான். பதிவேட்டில் முத்திரை தலைகீழாக விழுந்தது. அவள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் அவளிடமே கல்யாணம் பதிய வந்தார்கள். பதிவேடு மட்டும் பழையபடி ஸ்பானிஷில்தான். நிமியாவுக்கு ஒரே குறை:

"ஸ்பானிஷ்ல கேட்டா 'சரி'ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சுருவாங்க. இப்ப ஆளாளுக்கு நிபந்தனை போடுறாங்கடி. மத்தியானச் சாப்பாடே போச்சு."