நட்சத்திர ராஜாவின் வாள்

மன்னார்குடியில் ஒருவர் மேலே போய்விட்டார் என்று சொன்னால் துக்கம் விசாரிக்கப் போவோம். கல்யாணமாகி கோலார் தங்கவயலுக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் மாமனாரைப் பற்றிக் கேட்டேன். "அவரு போன மாசமே மேல பூட்டாரு" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த மாமனார் காய்கறிப் பையோடு வாசலில் வந்து நின்றார். சுரங்கத்துக்குள் இறங்கும் வேலையிலிருந்து தரைமேல் வேலைக்கு மாற்றுவதைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். கல்தூசி நெஞ்சில் படிந்தவர்களையே பெரும்பாலும் மாற்றுவார்கள் என்பதும், அவள் ஏன் அதைச் சிரிக்காமல் சொன்னாள் என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் என் கணவருக்கு ரேடியோவும் டார்ச் லைட்டும் பழுது பார்க்கும் கடை. எங்கள் ஊரில் வீட்டுப் பெண் கடையில் உட்கார்ந்தால் தெருவே பேசும். இங்கே ஷிப்டு மாறும் நேரத்துக் கூட்டத்தைத் தனியாளாகச் சமாளிக்க முடியாது. ஆகவே நானும் உட்கார்ந்து, கரி அடுப்பில் இரும்பைக் காயவைத்து ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொண்டேன். சந்திரனில் மனிதர் இறங்கிய வருடம் அது. ஊரிகம் லைன் வீடுகளில் இருந்த நாடகக் குழு, வேறொரு நட்சத்திரத்திலிருந்து வரும் ராஜாவின் கதையை மேடையேற்றத் தயாரானது. ராஜா வேஷம் ஏழுமலைக்கு. பூமிக்கடியில் பாறை துளைக்கும் வேலை அவருக்கு. நெடிய உடம்பு, கணீரென்ற குரல். கடைக்கு வந்து, தகரத்தில் வெள்ளித்தாள் ஒட்டின வாள் வேண்டாம் என்றார். "வாளு எரியணும்மா. இருட்டுல தூக்கனா சனம் மூச்சு வுடக்கூடாது." என் கணவர் சிரித்தார். எனக்கு அதைச் செய்து பார்க்க ஆசையாக இருந்தது.

பழைய மூன்று பேட்டரிக் கட்டை டார்ச்சின் பித்தளை உடம்பைக் கைப்பிடி ஆக்கினேன். மெல்லிய பிரம்பில் சின்ன பல்புகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் கம்பி பற்றவைத்தேன். கைப்பிடிக்கு அலுமினிய பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு கறுப்பு வளையங்கள் போட்டேன். சைக்கிளின் பின்னால் ஒட்டும் சிவப்புக் கண்ணாடி ஒன்று பிடியின் நடுவில் ரத்தினமாக உட்கார்ந்தது. தகராறு செய்தது பல்புகளுக்கு மேல் சுற்ற வேண்டிய மூடிதான். கண்ணாடிக் காகிதம் இரண்டு வீச்சில் கிழிந்தது. அப்போது ஏழுமலை, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே பிலிம்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். சோடா உப்பு கலந்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்ததும் யார் யாருடைய விலா எலும்புகளோ கரைந்து ஓடின. இளநீலத்தில் தெளிவான தகடு மிஞ்சியது. நன்றாக வந்தது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டக் கை வரவில்லை. மன்னார்குடியில் நான் எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இங்கே அது வீட்டுக்கு ஒன்று பெட்டியில் கிடந்தது.

வாள் நுனிக்கு ஒரு தகடு குறைந்தது. மறுநாள் ஏழுமலை இன்னொன்று கொண்டுவந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெஞ்சு முழுக்க மாவு தூவினாற்போல் இருந்தது. மூலையில் அவர் பெயர். நான் அந்தப் பெயரைத் திரும்பப் படித்ததைப் பார்த்து, "என்துதான். கழுவிடுங்கம்மா" என்றார், சட்டையைச் சலவைக்குப் போடுகிறவரைப் போல. சரி என்று தலையாட்டினேன். வெந்நீர் தயாராக இருந்தும் போட மனம் ஒப்பவில்லை.

அன்று சாயங்காலமே அவர் மனைவி கன்னியம்மாள் மூச்சிரைக்க வந்தாள். அவரை வற்புறுத்திப் பெங்களூருக்கு அழைத்துப்போய், வெளி டாக்டரிடம் எடுத்த படமாம் அது. இனி சுரங்கத்தில் இறங்கக்கூடாது என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். படத்தைச் சுரங்க ஆஸ்பத்திரியில் காட்டி மேல் வேலை கேட்கலாம் என்று இவள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். கூட்டாளிகளை விட்டு மேலே போய் உட்கார மாட்டேன் என்று அவர் பிடிவாதம். "கழுவிட்டீங்களாக்கா?" என்றாள். எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நான் தலையிட்டிருக்கமாட்டேன். உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.

நாடகத்தன்று வாளை வாங்க வந்தவர் அதன் நீளத்தைப் பார்த்தார். ஒரு சாண் குட்டை. அவருக்குப் புரிந்துவிட்டது. "நீங்க எங்க ஊருக்காரங்களா இருந்தா கழுவியிருப்பீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மேடையில் விளக்குகளை அணைத்துவிட்டு அவர் வாளைத் தூக்கியபோது, நீல வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் அவரை மேலே மாற்றினார்கள். சுரங்கத்தில் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைகளுக்குக் காவல். அதன் பிறகு எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. கன்னியம்மாள் மட்டும் ஒருநாள் முருங்கைக்காய் கொண்டுவந்து கொடுத்து, "எங்க ஊருக்காரங்களா இருந்தா கழுவியிருப்பாங்கக்கா" என்றாள். அவள் நன்றியாகச் சொன்ன அதே வார்த்தையைத்தான் அவர் கோபத்தில் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கும் நான் வெளியூர்க்காரிதான். செய்தது சரியா என்று இன்றுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் எந்த ஊர் நியாயத்தில் பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

போன கோடையில் தங்கை கல்யாணத்துக்கு மன்னார்குடி போயிருந்தேன். என் பேச்சில் "இன்னா" வந்துவிட்டது என்று சித்திகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். திரும்பும்போது பங்காருபேட்டையில் இறங்கி, தங்கவயல் வண்டிக்காகப் பிளாட்பாரத்தில் நின்றேன். பூதிகோட்டையில் மாமியார் வீட்டுக்குப் போய்வந்த ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கன்னியம்மாள். மெலிந்திருந்தார், ஆனால் இருந்தார். என் பெட்டியையும் பூவையும் பார்த்துவிட்டு, வருஷக்கணக்கில் பேசாதவர், "ஊருக்காம்மா?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிட்டேன் என்று அவர் நினைத்தது தெரிந்தது. "ஆமாங்க" என்றேன். சற்று நேரத்தில் தங்கவயல் வண்டி வந்தது. அவர்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பின்னாலேயே நானும் அதில் ஏறியதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு தன் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார்.